பாதி மூக்குக் கோழி

“அப்பா, அந்தக் கோழிக்கு ஏன் பாதி மூக்குதான் இருக்கு?”

கேட்டது மித்ரா. ஏழு வயது இருக்கும். சென்னையிலிருந்து வந்திருந்த தயாரிப்பாளரின் மகள். சேலம் ஃபேர்லேண்ட்ஸில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருக்கிறது எங்கள் அனிமேஷன் ஸ்டுடியோ. அங்கே டி.வி.க்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையில் இருந்த பிஸ்கட்டைக் கடிக்காமல் வைத்துக்கொண்டு கேட்டாள்.

 

நான் சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். என் வேலையை இன்னொருவர் பார்க்கும்போது என்னால் உட்கார முடியாது. நின்றாலும் சும்மா நிற்க முடியாது. விசிறியின் வேகத்தைக் கூட்டுவேன், குறைப்பேன். ஜன்னல் திரையை இழுப்பேன், விடுவேன். “உன்ன ஒரு நாக்காலில கட்டிப் போட்டாத்தான் படம் பாக்க முடியும் கோகிலா” என்று என் கூட்டாளி சுகந்தி திட்டுவாள்.

அன்று அந்தக் கேள்வியைக் கேட்டதும் விசிறியை விட்டுவிட்டு டி.வி.யைப் பார்த்தேன். திரையில் என் கோழி உறைந்து நின்றது. மாதக்கணக்கில் நான் கம்ப்யூட்டரில் செய்த கோழி. இறகுக்கு இறகு தனியாய் அசையும். காற்றடித்தால் கழுத்து மயிர் சிலிர்க்கும். மூக்கைப் பார்த்தேன். மூக்கு சரியாகத்தான் இருந்தது. ஸ்டுடியோப் பையன்களைப் பார்த்தேன். அவர்களும் என்னைப் போலவே முழித்தார்கள்.

எங்கள் யாருக்குமே அதில் எந்தக் குறையும் தெரியவில்லை.

கூண்டோடு வளர்ந்தவர்கள்

அதற்குக் காரணம் இருக்கிறது. கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எங்கள் தோட்டம் நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் போகிற வழியில் இருக்கிறது. தோட்டம் என்று பெயர்தானே தவிர, எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அது கோழிப்பண்ணைதான். நீளநீளமாய் ஷெட்டுகள். ஷெட்டுக்குள் வரிசை வரிசையாய்க் கம்பிக் கூண்டுகள். கூண்டுக்குள் வெள்ளைக் கோழிகள். முட்டை உருண்டு வந்து முன்னால் நிற்கும். பள்ளிக்கூடம் போகுமுன் அதை எடுத்து அட்டையில் அடுக்கினால்தான் எனக்குக் காலைச் சாப்பாடு.

அந்தக் கோழிகளுக்கெல்லாம் மூக்கு மொட்டையாக இருக்கும். குஞ்சாக இருக்கும்போதே சூடான தகட்டில் வைத்து நுனியை எடுத்துவிடுவார்கள். எடுக்காவிட்டால் கூண்டுக்குள் ஒன்றையொன்று கொத்திக் கொன்றுவிடும். ‘மூக்கு வெட்டறது’ என்பது எங்கள் பக்கம், தலைக்கு எண்ணெய் வைப்பதைப் போல ஒரு சாதாரண வேலை. நான் பேசக் கற்றுக்கொள்ளும் முன்பே அதைப் பார்த்திருப்பேன். வெட்டாமல் விட்டால் அந்த மூக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்ததே இல்லை.

பாடப் புத்தகத்தில் கோழிக்குக் கூர்மூக்கு இருந்தது உண்மைதான். சூரியனுக்குக் கண்ணும் வாயும் போட்டிருந்தார்கள், முயலுக்குச் சட்டை போட்டிருந்தார்கள். கோழி மூக்கும் அந்த வகை என்று நினைத்துக்கொண்டேன்.

நாட்டுக்கோழியைப் பார்த்ததே இல்லையா என்று கேட்பீர்கள். பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் குழம்பில். பண்ணை வைத்திருப்பவர்கள் வீட்டில் நாட்டுக்கோழி வளர்க்க மாட்டார்கள். வெளிக்கோழி வந்தால் சீக்கு வந்துவிடும் என்று பயம். பக்கத்துத் தோட்டத்துச் சேவல் வேலி ஓரமாய்த் தலைகாட்டினால் போதும், அப்பா கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடுவார். வாழ்நாள் முழுக்கக் கோழிகளுக்கு நடுவில் வாழ்ந்த மனிதர், ஒரு கோழி தன் இஷ்டத்துக்கு நடந்து வருவதைக் கண்டால் பதறிப்போவார்.

எங்கள் ஸ்டுடியோவில் வேலை பார்க்கிற பையன்களும் பரமத்தி, ராசிபுரம் பக்கத்துப் பண்ணை வீட்டுப் பிள்ளைகள். கோழி செய்ய வேண்டும் என்றதும் நாங்கள் போனது எங்கள் பண்ணைக்குத்தான். எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் எடுத்தோம். கொண்டையின் சுருக்கம் முதற்கொண்டு அளந்து செய்தோம். மூக்கையும் அளந்துதான் செய்தோம்.

எலும்பு இல்லாத கோழி

சுகந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்டுடியோவில் நானும் அவளும் பாதிப் பாதி. சேலத்தில் அனிமேஷன் படிக்கும்போது பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அன்றிலிருந்து சண்டை.

நான் கம்ப்யூட்டர் கட்சி. அவள் கை கட்சி. அவளும் கம்ப்யூட்டரில்தான் வரைகிறாள், பேனாவை வைத்துப் பலகை மேல். ஆனால் ஒவ்வொரு படமும் அவள் கை இழுத்த கோடு. கோழி ஓரடி எடுத்து வைக்க வேண்டுமென்றால் அந்த ஓரடிக்குள் வருகிற அத்தனை நிலையையும் அவள் வரைய வேண்டும். நான் அப்படியில்லை. ஒரு பொம்மையை ஒருமுறை செய்வேன். உள்ளே எலும்பு வைப்பேன். பிறகு அந்த எலும்பைப் பிடித்து அசைப்பேன். அந்த எலும்புக்கூட்டுக்கு எங்கள் தொழிலில் ரிக் என்று பெயர். இதைக் கேள்விப்பட்ட திருச்செங்கோட்டு மாமா ஒருவர், “வண்டி எந்த ஸ்டேட்ல ஓடுது அம்மணி?” என்று விசாரித்தார். அவருக்குத் தெரிந்த ரிக், ஊர் ஊராய்ப் போய் ஆழ்துளைக் கிணறு போடுகிற லாரி.

சுகந்தியின் ஊர் ஆட்டையாம்பட்டி. அங்கிருந்து வரும்போதெல்லாம் கைமுறுக்கு கொண்டு வருவாள். ஒன்று போல் ஒன்று இருக்காது. கை ஓவியத்துக்கும் அதற்கும் முடிச்சுப் போட்டு எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்த அத்தனை பேரும் ஒருமுறையாவது பேசிவிட்டார்கள். நான் பேசப்போவதில்லை.

அவளுக்கே அந்த மாதிரிப் பேச்சு பிடிக்காது. அவள் நெசவுக் குடும்பம் என்று தெரிந்ததும் கைத்தறி, பாரம்பரியம் என்று ஆரம்பிப்பவர்களைப் பாதியில் நிறுத்திவிடுவாள். “எங்கூட்ல பவர்லூம் வந்தன்னிக்கு எங்கப்பா ஒன்னும் அழுவுலீங்க. பொங்க வெச்சாரு. இனித் தறி மிதிக்க வேண்டியதில்ல, காலுக்கு ஓய்வுன்னு சந்தோசமா இருந்தாரு” என்பாள்.

“அப்பறம் நீ மட்டும் ஏன்டி ஒவ்வொன்னா வரைஞ்சுட்டு உக்காந்திருக்கற?” என்று நான் கேட்பேன்.

“உன்ற கோழிக்கு எலும்பு இருக்குது. அது கோவப்பட்டாக் கழுத்து எத்தன தூரம் நீளும்னு மொதல்லயே முடிவு பண்ணி வெச்சிருப்ப. என்ற கோழிக்கு எலும்பே இல்ல. அதுக்கு எத்தன கோவமோ அத்தன கழுத்து.”

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. பதில் இல்லாமல் நான் எப்போதும் இருந்ததில்லை. “கையால வரைஞ்சாத்தான் உயிர் இருக்கும்” என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கோழி கண்ணை மூடும்போது மேல் இமை இறங்காது, கீழ் இமை ஏறும். அதைக் கவனித்து, அந்த இமை ஏறும்போது கண்ணோரத்தில் விழுகிற சுருக்கத்தைக் கொண்டு வருவதற்குள் எனக்குக் கழுத்து வலி வந்து பிசியோதெரபிக்கு நடந்தேன். அந்தக் கழுத்து வலி உயிரில்லாததா?

இப்படியே சண்டை போட்டுக்கொண்டு, விளம்பரமும் கல்யாண அழைப்பிதழ் வீடியோவும் செய்து காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்தத் தயாரிப்பாளர் வந்தார். குடும்பத்தோடு தியேட்டரில் பார்க்கிற முழுநீளப் படம். நாயகி ஒரு தாய்க்கோழி. கையால் வரைவதா, கம்ப்யூட்டரா என்பதில் அவருக்கே குழப்பம். ஒரே காட்சியை இரண்டு விதமாகவும் ஒவ்வொரு நிமிடம் செய்து காட்டச் சொன்னார். மழை வரப்போகிறது. அதற்குள் தாய்க்கோழி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு முற்றத்தில் சிந்திய தானியத்துக்குப் போக வேண்டும். அவ்வளவுதான் காட்சி.

அதே சமயம் சுகந்திக்குப் பெங்களூரிலிருந்து அழைப்பு வந்தது. குழந்தைகள் புத்தகம் போடுகிற இடம். முழுக்க முழுக்க வரைகிற வேலை. அவள் என்னிடம் மறைக்கவில்லை.

“இந்தப் படம் கையில வந்தா இங்க இருக்கறேன். இல்லீனா போறேன்டி. எனக்கு வரையோணும்” என்றாள்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. என் கோழி ஜெயிக்க வேண்டும். அவள் போகவும் கூடாது. இரண்டும் ஒன்றாக நடக்காது என்று தெரிந்தும் இரண்டுக்கும் வேண்டிக்கொண்டேன். காலையில் என் கோழிக்கு இறகு ஒட்டுவேன். மதியம் அவள் பலகையை எட்டிப் பார்த்து, “இந்தக் கால இன்னும் கொஞ்சம் தூக்கு, நல்லாருக்கும்” என்று எதிர்க்கட்சிக்கு யோசனை சொல்வேன். அவள் ஒரு மாதிரி பார்ப்பாள்.

இரண்டாவது நிமிடம்

ஏற்காடு போகிற வழியில் குடும்பத்தோடு வந்து இறங்கினார் தயாரிப்பாளர். முதலில் என் நிமிடத்தைப் போட்டோம். அது முடிந்ததும்தான் மித்ரா அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

தயாரிப்பாளர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். “ஆமாம் மேடம், நுனி இல்லையே. உடைஞ்ச மாதிரி இருக்கு” என்றார். பிறகு தயங்கி, “நடையும் கொஞ்சம்… வாத்து மாதிரி இருக்கு” என்றார்.

நடை விஷயத்தில் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. எங்கள் பண்ணைக் கோழிகள் நடப்பதில்லை. நடக்கக் கூண்டில் இடமில்லை. அதனால் வேறொரு விளம்பரத்துக்காக முன்பு செய்து வைத்திருந்த வாத்தின் நடையை எடுத்து இந்தக் கோழிக்குப் பொருத்தியிருந்தோம். கம்ப்யூட்டரில் அந்த வசதி உண்டு. யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று நினைத்தோம்.

நான் மறுபடியும் விசிறி சுவிட்சைத் திருக ஆரம்பித்தேன். பையன் ஒருவன் அவசரமாக சுகந்தியின் நிமிடத்தைப் போட்டான்.

வெள்ளைப் பின்னணியில் கறுப்புக் கோடு. அங்கங்கே நீர்வண்ணம் தொட்டது போல் ஒரு சாயம். அவளுடைய கோழி முற்றத்து ஓரத்தில் நிற்கிறது. ஒரு காலைத் தூக்குகிறது. கீழே வைக்கலாமா என்று யோசிக்கிறது. மண்ணைத் தொட்டதும் வெடுக்கென்று எடுக்கிறது. மறுபடி வைக்கிறது. குஞ்சுகள் அதற்கு முன்னால் ஓடிவிடுகின்றன. கோழி ஒருவழியாய் தானியத்துக்கு வந்து கொத்துகிறது. தானியம் மூக்கில் நிற்காமல் நழுவுகிறது. மறுபடி கொத்துகிறது, நழுவுகிறது. குஞ்சுகள் அண்ணாந்து பார்க்கின்றன. அது கொஞ்ச நேரம் சும்மா நிற்கிறது. பிறகு காலால் தானியத்தைக் குஞ்சுகள் பக்கம் தள்ளிவிடுகிறது. மழை விழுகிறது.

மித்ரா பிஸ்கட்டைக் கீழே வைத்தாள்.

“இதுக்கும் பாதி மூக்குதான் அப்பா. அதான் அதால எடுக்க முடியல. காலால தள்ளுது” என்றாள். யாரும் அவளுக்கு விளக்கவில்லை.

தயாரிப்பாளர் மகளைப் பார்த்தார். இரண்டாவது முறை போடச் சொன்னார். பார்த்துவிட்டு, ஒரு வாரத்தில் சொல்கிறேன் என்று கிளம்பினார். மித்ரா படி இறங்கும்போதும் கோழியைப் பற்றி ஏதோ கேட்டுக்கொண்டே போனாள்.

கார் திரும்பியதும் நான் சுகந்தியைப் பிடித்துக்கொண்டேன்.

“மூக்கு மொட்டையா இருக்குதுன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும். உங்க பண்ணைக்கு வந்தன்னிக்கே பாத்தேன். எங்கூட்டுப் பக்கம் சுத்தற கோழிக்கு இப்படி இல்லியேன்னு உங்கப்பாகிட்டக் கேட்டேன். வெட்டறதுன்னு சொன்னாரு.”

“அதை ஏன்டி எங்கிட்டச் சொல்லல?”

“உனக்குத் தெரியாதுன்னு எனக்கு எப்படீடி தெரியும்? பண்ணைக்காரி நீ!”

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம் வந்தது, அதுவும் யார் மேல் என்று தெரியாத கோபம். டீ குடிக்கப் போகிறேன் என்று கீழே இறங்கி, டீ குடிக்காமல் நாலு தெரு சுற்றிவிட்டு வந்தேன்.

அந்த ஒரு வாரம்

மூக்கைச் சரிசெய்வது எனக்குப் பெரிய வேலையே இல்லை. அதுதான் கம்ப்யூட்டரின் சௌகரியம். பொம்மையில் ஒரே இடத்தில் திருத்தினால் எல்லாக் காட்சியிலும் திருந்திவிடும். காபி ஆறுவதற்குள் நுனியை நீட்டிக் கூர்மையாக்கிவிட்டு, சுகந்தியிடம் போய்ப் பெருமையாகச் சொன்னேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

பிறகு படத்தை ஓட்டிப் பார்த்தேன். என் கோழி குனிந்து கொத்துகிற ஒவ்வொரு முறையும் மூக்கு தரைக்குள் புகுந்தது. பழைய மொட்டை மூக்குக்கு ஏற்றபடி கழுத்தை இறக்கியிருந்தோம். புது மூக்கு நீளம். தரையில் ஆணி அடிப்பதைப் போலக் கொத்திக்கொண்டிருந்தது. பையன்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். எல்லோரையும் திட்டித் தீர்த்தேன்.

அந்த வாரம் யாரிடமும் நான் ஒழுங்காய்ப் பேசவில்லை. போனை மேசையில் கவிழ்த்து வைப்பேன், நிமிர்த்துவேன். பாத்ரூமுக்கும் கொண்டு போனேன். சுகந்தி மட்டும் அமைதியாக ஒரு சோப்பு விளம்பரத்துக்கு நுரை வரைந்துகொண்டிருந்தாள். அவள் அமைதியாக இருப்பதே எனக்கு எரிச்சலாக இருந்தது. பெங்களூருக்கு மனதளவில் மூட்டை கட்டிவிட்டாளோ என்று தோன்றும். கேட்க வாய் வராது.

தாங்க முடியாமல் ஒரு காலையில் பஸ் ஏறி நாமக்கல் போனேன். அப்பா ஷெட்டுக்கு வெளியே நின்று தீவனம் இறக்குவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன சாமி, சொல்லாமக் கொள்ளாம? உடம்பு கிடம்பு சரியில்லியா?”

“அதெல்லாம் ஒன்னும் இல்லீங்ப்பா. நம்ம கோழிக்கு மூக்கு வெட்டறமே, அது வெட்டுன மூக்குன்னு எனக்கு ஏனுங்ப்பா தெரியாமப் போச்சு?”

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். இதற்காகவா பஸ் ஏறி வந்தாய் என்று முகத்திலேயே எழுதியிருந்தது. “கோழின்னா அப்படித்தான சாமி இருக்கும்” என்றார்.

போனில் இரண்டு நிமிடத்தையும் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். முதலில் என்னுடையது, மூக்கு மாற்றுவதற்கு முந்தையது.

“அட, நெசமா நம்ம கோழியேதான். நெம்ப நல்லாருக்குது.” போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இத்தன நெசமா இருந்தா எதுக்குச் சாமி படம்? நேரா ஷெட்டுக்கே வந்து பாத்துக்கலாமே?” என்றார். கேலி இல்லை. உண்மையாகவே கேட்டார்.

பிறகு சுகந்தியுடையது. பாதியிலேயே நிமிர்ந்தார்.

“இது அந்த ஆட்டையாம்பட்டிப் புள்ள வரஞ்சதா? அன்னிக்குக் கறிக்கு வண்டில கோழி ஏத்தறப்ப ஒன்னு கை நழுவிக் கீழ உழுந்துச்சே, அதாட்டவே இருக்குது. மண்ணுல நின்னு பழக்கம் இல்ல பாரு. கால வெக்கறதா வேண்டாமான்னு நின்னுது.”

படம் எடுக்கப் போன அன்று நானும் அங்கேதான் இருந்தேன். காமிராவில் வெளிச்சம் சரிசெய்துகொண்டிருந்தேன்.

“அந்தக் கோழி என்னங்ப்பா ஆச்சு?”

“என்ன ஆவும்? புடிச்சு ஏத்தி உட்டாச்சு.” போனைத் திருப்பிக் கொடுத்தார். தீவன மூட்டைப் பக்கம் நாலடி நடந்தவர் திரும்பி வந்தார். “படத்துல எந்தப் பண்ணைன்னு பேரு கீரு வராதில்ல?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். வராது என்றேன். நம்பினாரா தெரியவில்லை.

போன்

மறுநாள் மருந்துக்கடையில் தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

“மேடம், ஏற்காட்டுல இருந்த அத்தனை நாளும் என் பொண்ணு அந்தப் பாதி மூக்குக் கோழியைப் பத்தித்தான் பேசினா. அதோட குஞ்சுங்க என்ன ஆச்சு, அது அதுக்கு முன்னாடி எங்க இருந்துச்சுன்னு ஒரே கேள்வி. அதுதான் படம். சுகந்தி மேடத்தோட கதையையே எடுத்துக்கலாம்.”

 சுகந்தி இருப்பாள் என்பதுதான் முதலில் உள்ளே போனது. தோற்றுவிட்டேன் என்பது அதற்குப் பிறகு போனது. ஆனால் அவர் இன்னும் முடிக்கவில்லை.

“ஆனா படம் கம்ப்யூட்டர்லதான் மேடம். கையால வரைஞ்சதுன்னா தியேட்டர்ல டி.வி. கார்ட்டூன்னு நினைச்சிடுவாங்க. உங்க இறகும் அந்தக் கண் இமையும் பெரிய திரையில பிரமாதமா இருக்கும். மூக்கை மட்டும் மாத்திடாதீங்க, பாதி மூக்காவே இருக்கட்டும்.”

மாத்திரையை வாங்காமலே படியேறி ஓடினேன். வேண்டிக்கொண்ட இரண்டும் கிடைத்துவிட்டன. என் கோழி, அவள் கதை. நான் ஜெயித்தேன், அவளும் ஜெயித்தாள். இதைவிட வேறென்ன வேண்டும்?

சுகந்தி பின்பக்கக் குழாயடியில் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன். உன் கதைதான் படம், உன் கோழிதான் நாயகி, நீ எங்கேயும் போக வேண்டாம் என்றேன். அவள் முகம் மலர்ந்தது. உண்மையாகவே மலர்ந்தது, நான் பார்த்தேன். குழாயை மூடினாள்.

“நெசமாவா? அப்ப எல்லாம் நானே வரைய முடியாதே, ஆளு வேணுமே. யாரு யாரு வரையறது?”

“கம்ப்யூட்டர்லதான்டி செய்யறோம். யாருமே வரைய வேண்டியதில்ல!” என்றேன்.

அதைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். நல்ல செய்தி சொல்கிற வேகத்தில் சொன்னேன்.

சுகந்தி டிபன் பாக்ஸைத் துணியால் துடைத்தாள். மூடியைப் போட்டாள். “நல்லதுடி” என்றாள். அன்று மீதி நேரமும் சோப்பு நுரையை வரைந்து முடித்துவிட்டு, எப்போதும் கிளம்புகிற நேரத்துக்கு, “நான் வாரேன்” என்று சொல்லிக் கிளம்பினாள்.

அடுத்த நாள் காலை நான் ஸ்டுடியோவுக்கு முன்பே வந்துவிட்டேன். வராந்தாவில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தேன். அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி வருவது தெரிந்ததும், என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ‘போடி, பெங்களூர் போனால் வரையலாம்.’ இதுதான் நியாயமான வார்த்தை.

அவள் பையை ஆணியில் மாட்டினாள்.

“பெங்களூருக்கு வரலைன்னு சொல்லிட்டேன்.”

“ஏன்டி?”

“அது என்ற கோழி. நான் போயிட்டா நீங்க அத வாத்தாட்ட நடக்க வெச்சிருவீங்க.”

பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நியாயமான வார்த்தையை நான் சொல்லவில்லை. அவள் இருக்கிறாள் என்ற சந்தோஷம் அதைச் சொல்ல விடவில்லை.

“சரி, நடை எப்படி வேணும், வரைஞ்சு காட்டறீங்களாக்கா?” என்று ஒரு பையன் பலகையை நீட்டினான்.

“இத வெச்சு நீங்க என்ன பண்ணுவீங்க? உங்களுக்குப் பாத்து அசைக்க வீடியோதான வேணும்? மேசையத் தள்ளுங்க” என்றாள்.

மேசைகளை ஓரம் கட்டினார்கள். சுகந்தி துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு கூடத்தின் ஓரத்தில் போய் நின்றாள். பையன்கள் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். அவள் முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, பின்பக்கத்தைத் தூக்கி, கழுத்தை முன்னால் நீட்டியதும் கூடம் கொல்லென்று சிரித்தது. அவளும் சிரித்துவிட்டு மறுபடி நின்றாள்.

பிறகு நடந்தாள். தலை முன்னால் போய் நின்றது. உடம்பு பின்னால் வந்து சேர்ந்தது. காலைத் தூக்கினாள். கோழி காலைத் தூக்கும்போது விரல்கள் மடங்கும், வைக்கும்போது விரியும். மனிதக் கால் விரல் அப்படி மடங்காது. அதைக் காட்டுவதற்காக வலது கையை இடுப்புக்குப் பக்கத்தில் வைத்து, கால் எழும்போது கை விரல்களைச் சுருட்டினாள், கால் இறங்கும்போது விரித்தாள். தரையைத் தொட்டதும் வெடுக்கென்று எடுத்தாள். யோசித்தாள். மறுபடி வைத்தாள். சிரிப்பு ஒவ்வொருவராக அடங்கியது. நடுக் கூடத்தில் குனிந்து, இல்லாத தானியத்தை ஒருமுறை கொத்தினாள். நிமிர்ந்து சும்மா நின்றாள்.

எல்லோரும் போனில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும், அவள் வரைகிற அந்த வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது.

“சரியா வந்துச்சா கோகிலா? இன்னொருக்கா நடக்கட்டுமா?”

போதும், விட்டுவிடு, போய் வரை என்று சொல்லியிருக்கலாம். பையன் நீட்டிய போனில் பார்த்தேன், கால் சரியாக விழவில்லை.

“நடடி” என்றேன்.